கச்சான்

கப்பல் இல்லையாம் இன்றைக்கு.
காங்கேசன்துறையில் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்
"காத்து" என்றார், அவ்வளவுதான்.
தன் வீட்டு மாடு கயிறறுத்துப் போனதைச் சொல்வது போல.
இவர் வானத்தைப் பார்த்தார்.
தூத்துக்குடி உப்பளத்தில் இருபது வருஷம் நின்ற மனிதர்.
"கச்சான்தான். மேக்கே இருந்து வருது,"
என்றபோது குரலில் ஒரு குழைவு,
சொந்தக்காரன் ஒருவன்
ஊரிலிருந்து தேடி வந்துவிட்ட மாதிரி.

பெட்டிகளை விடுதியில் திரும்பக் கொண்டுபோய் வைத்தோம்.
கையில் மிச்சம் இலங்கைக் காசு நாலாயிரத்து எழுநூறு.
பார்க்க வேண்டியதையெல்லாம் நேற்றே பார்த்து
சுடர் தன் நோட்டில் அடித்தும் விட்டாள்.
அடிக்க எதுவுமில்லாத ஒரு பகல்
நாலு பேருக்கு நடுவில்
பிரிக்காத பார்சலாய்க் கிடந்தது.

வந்த மினிபஸ்ஸில் ஏறினோம்.
எங்கே போகிறது என்று ஏறின பிறகு கேட்டோம்.
"நீங்க எங்க போகோணும்?" என்றான் கண்டக்டர்.
"தெரியலையே" என்றேன்.
அந்த ஊருக்கு என்ன டிக்கெட் என்று
அவனுக்கும் தெரியவில்லை.

பண்ணைப் பாலத்தில் இறக்கிவிட்டுப் போனான்,
காசு வாங்காமல்.
இரண்டு பக்கமும் கடல். ஆனால் கடலுக்குரிய சத்தம் இல்லை.
முழங்கால் ஆழத்தில் ஒருவர்
வலையை உதறிக்கொண்டிருந்தார்,
காயப்போடும் வேட்டியைப் போல.
முகிலன் கேட்டான்: "இது வெளிநாடாம்மா?"
"ஆமா."
"பெறவு எப்படி எல்லாத்தையும் வாசிக்க முடியுது?"
கடவுச்சீட்டில் பதில் இருக்குமா என்று
கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் வாசிக்கவும் முடியவில்லை.
'வெதுப்பகம்' என்ற பலகையின் முன்னால் நின்ற சுடர்
உள்ளே போய், கையில் நாலு பணிசோடு வந்தாள்.
"பேக்கரிம்மா," என்றாள்,
வகுப்பில் முதல் ஆளாய்க் கை தூக்கியவளின் முகத்தோடு.
கல்லாவில் இருந்த பிள்ளை எட்டிப் பார்த்துச் சிரித்தது:
"நீங்க கதைக்கேக்க படம் பாக்கிற மாதிரிக் கிடக்கு."
அதற்குப் பிறகு முகிலன்
தண்ணீர் கேட்பதைக் கூட
வில்லனை மிரட்டுகிற குரலில்தான் கேட்டான்.

வழி தப்பிய ஒரு ஒழுங்கையில் கூரையில்லாத வீடு.
உள்ளே, அறை இருந்திருக்கக்கூடிய இடத்தில், ஒரு ஆடு.
சுவரில் வரிசையில்லாத ஓட்டைகள்.
ஒன்றுக்குள் விரலை விட்டு
"எந்தக் குருவிப்பா கொத்திச்சு?" என்றான்.
இவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார்.
நெடுநேரம் குனிந்தே இருந்தார்.
சுடர்தான் தம்பியின் விரலை வெளியே எடுத்து,
தன் பாவாடையில் துடைத்துவிட்டு,
பிடித்த பிடியை விடாமல் நடந்தாள்.
பேருந்து நிலையம் வரை யாரும் பேசவில்லை.
ஆடு மட்டும் ஒருதடவை கத்தியது.

பொழுது சாயக் கோட்டைக்கு வந்தோம்.
பசி. கடலை இருக்கா என்றேன் வண்டிக்காரரிடம்.
ஓம் என்று அவித்த கொண்டைக்கடலையைக் காட்டினார்.
இது இல்லை, ஓடு உடைச்சுத் தின்போமே, அந்தக் கடலை.
"ஓ, கச்சானோ!"
இவர் சட்டென்று மேற்கே திரும்பி வானத்தைப் பார்த்தார்.
வண்டிக்காரரும் பார்த்தார், எதற்கென்று தெரியாமல்.
பிறகு, காகிதச் சுருளில், வறுத்த மணலின் சூட்டோடு,
எங்கள் கப்பலை நிறுத்தி வைத்த அந்தச் சொல்
இவர் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது.
நான் சிரித்த சிரிப்பில் புரையேறி,
வண்டிக்காரர்தான் தண்ணீர் கொடுத்தார்.
விஷயம் விளங்கியதும் அவர் சிரிக்கவில்லை.
"ரெண்டும் கச்சான்தான்," என்றார் பொறுமையாக,
"ஒண்டு நிப்பாட்டும், ஒண்டு நடக்க விடும்."
இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

இரவு முகிலனின் கால்சட்டைப் பையை உதறினேன்.
சிவந்த தோல்கள் விடுதித் தரையெல்லாம் பறந்தன,
மின்விசிறி அவற்றைக் கட்டிலுக்கடியில் ஓட்டியது.
இவர் ஜன்னலைத் திறந்து
ஈர விரலை வெளியே நீட்டினார்.
"அடங்கிட்டு. நாளைக்குக் கப்பல் உண்டு."
நல்லதுதானே.
யாரும் அப்படிச் சொல்லவில்லை.
சுடர் நோட்டைத் திறந்து
கூட்டி அள்ளாத தோல் ஒன்றை எடுத்து
ஏதோ ஒரு பக்கத்தில் வைத்து மூடினாள்.