தொழிற்சாலை போடாத புள்ளி

பகலெல்லாம் பல் மருத்துவரிடம்
உறிஞ்சுகுழாய் பிடிக்கிறேன்.
இரவிலும் அதே நெற்றி விளக்கு,
அதே கொக்கி ஊசி
(திருடவில்லை, முனை மழுங்கியதென்று டாக்டர் எறிந்தது).
வாய்தான் வேறு.
அலுமினியம், பித்தளை.
திறந்தபடி கிடக்கும், முனகாது.

கெர்லிட்ஸில் நவம்பர்,
நாலரைக்கே இருட்டு.
நைசே ஆற்றுப் பாலத்தைத் தாண்டி
போலந்துக் கரையிலிருந்து வந்தார் போகுமில்.
ரொட்டிப் பைக்குள் ரொட்டியோடு ஒரு லென்ஸ்.
"எண்கள் போய்விட்டன" என்றார்.
"ரொட்டி உங்களுக்கு."

எண்கள் போகவில்லை.
எண் என்பது பள்ளம்.
போனது பள்ளத்தில் தங்கியிருந்த வெள்ளை.
நகத்தை ஓட்டிப் பார்த்தால்
மூன்று இன்னும் மூன்றுதான்,
ஐந்து இன்னும் ஐந்துதான்.
கோடியில் படுத்திருக்கும் முடிவிலிக்கு மட்டும்
வண்ணம் அப்படியே இருந்தது.
அவ்வளவு தூரம் யாரும் திருப்பவில்லை போலும்.

அசிட்டோன்.
எக்கார்ட் ஜன்னலைத் திறக்கிறார், குளிரைத் திட்டுகிறார்,
மூடுகிறார், நாற்றத்தைத் திட்டுகிறார்,
கடைசியில் கோட்டை மாட்டிக்கொண்டு
எனக்கெதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார்.
நான் சுரண்டுகிறேன்.
சொத்தையை எடுக்காமல் அடைத்தால்
ஆறு மாதம் தாங்காது.

வெள்ளையில் ஒரு துளி காவி கலக்க வேண்டும்.
சுத்த வெள்ளை பொய்ப்பல்போல் இளிக்கும்.
பல்குத்தி நுனியால் பள்ளம் வழியப் பூசி
காத்திருந்து
அட்டையில் சுற்றிய காகிதத்தால்
மேலாக, குறுக்காக, ஒரே இழுப்பு.
அழுத்தினால் உள்ளதும் வந்துவிடும்.
மீட்டருக்கு வெள்ளை. அடிக்குச் சிவப்பு.
முன்வளையத்தைச் சுற்றிப் பெயர், ஊர், வரிசை எண்:
அதன் தலையெழுத்து.
இன்னொருத்தி திருத்தலாம்தான்,
கண்ணாடிக்கு ஒரு மயிரிழை தள்ளி,
மூச்சை அடக்கிக்கொண்டு.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன்.
ஒன்று புள்ளி இரண்டுக்கும்
ஒன்று புள்ளி ஐந்துக்கும் நடுவில்
அழுக்கை எடுத்த இடத்தில் ஒரு குழி.
கொஞ்சம் கோணல்.
இயந்திரம் இப்படிக் குத்தாது.
ஒரு கை, ஓர் ஆணி, அவசரம்.

லென்ஸை மேஜையில் நிறுத்தி
அளவு நாடாவை இழுத்தேன்.
ஒரு மீட்டர் முப்பத்து நாலு.
நாடாவின் நுனி எக்கார்ட்டின் மூக்கில்.
கேமராவில் பொருத்திப் பார்த்தால்
உச்சந்தலை முதல் இரண்டாம் பொத்தான் வரை
கச்சிதமாக அடங்குகிறார்.

இந்த ஊரில் என் வயதுக்காரர்களுக்கு
அந்தச் சட்டகம் தெரியும்.
நேராகப் பார். பக்கவாட்டில். மறுபடி நேராக.
தரையில் திருகிய நாற்காலி.
அல்லது மழலையர் பள்ளி:
வருடத்துக்கொரு முறை அதே முக்காலி,
வாரிய தலை, ஒழுகும் மூக்கு, சிரி.
இரண்டுக்கும் தூரம் ஒன்றே.
குழி எதையும் சொல்லவில்லை.

போகுமிலுக்குப் போன் செய்தேன்.
"சந்தையில் நாற்பது ஸ்வோட்டி.
வேறெதுவும் தெரியாது.
அழகாயிருந்தால் அதற்கும் பூசுங்கள்."

வெள்ளை பூசினால்
தொழிற்சாலையே போட்டதாகிவிடும்.
வெறுமே விட்டால்
என் தாராள மனசு அடுத்த அழுக்கை அழைத்ததாகிவிடும்.
எக்கார்ட் சொன்னார், "கறுப்பு பூசு, காணாமல் போகட்டும்."
அவருக்கு எதுவும் காணாமல் போனால் நிம்மதி.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து
தற்காலிக அடைப்புச் சிமெண்ட் எடுத்து வந்தேன்,
கடுகளவு.
(இது திருட்டுதான்.)
ஈறுக்கும் பல்லுக்கும் இடைப்பட்ட நிறம்.
வைத்தேன், தட்டினேன், விளக்கை அணைத்தேன்.

சனிக்கிழமை வந்தவர்
வளையத்தைத் திருப்பித் திருப்பி
எண்களைத் தன் மொழியில் உரக்கப் படித்தார்,
கடைக்குள் சம்பளம் எண்ணுகிறவர் மாதிரி.
நடுவில் நின்றார்.
"இது எத்தனை?"
எண் இல்லை என்றேன்.
"யாருடையது?"
தெரியாது.
கொஞ்ச நேரம் கட்டைவிரலால் தடவினார்.
"சரி, அங்கே என் நாயை உட்கார வைக்கிறேன்."

பணம் கொடுத்தார், இன்னொரு ரொட்டியும்.
கதவருகே அவரை நிறுத்திச் சொன்னேன்,
பழக்கதோஷம்:
இருபத்துநாலு மணிநேரத்துக்கு
அந்தப் பக்கம் எதையும் கடிக்காதீர்கள்.