வெட்டிய ஓரம்

வாரத்தில் ஆறு நாள்
வெள்ளைத் திரையின் முன் ஆட்களை உட்கார வைக்கிறேன்.
காது தெரியட்டும், மோவாயைத் தாழ்த்துங்க,
கண்ணாடியைக் கழற்றுங்க, சிரிக்காதீங்க.
விசாவுக்கு நாலு, லேபர் கார்டுக்கு நாலு.
அஜ்மானில் என் கையால் முகமானவர்கள்
ஒரு சின்ன ஊர் அளவு இருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகிறேன்,
முகங்களை எடுக்காமலிருக்க.

கேட்காமல் முகம் எடுத்தால் இங்கே வழக்காகும்.
அதனால் எனக்கு வாய்த்த கலை, முதுகு.
முதுகு, பிடரி, ஈரத்தில் ஒட்டிய சட்டை,
கந்தூரா நனையாமல் தூக்கிப் பிடித்த ஒரு கை,
கழற்றி வைத்த சேஃப்டி ஷூ,
அதற்குள் சுருட்டிய சாக்ஸ்.
"முதுகை யாருடீ காசு கொடுத்து வாங்குவா?"
கடை முதலாளி குஞ்ஞிமோன் கேட்பார்.
யாரும் வாங்கியதில்லை.

நின்று எடுத்தால் ஆட்கள் கடலோடு ஒட்டிக்கொள்கிறார்கள்.
முழங்கால் மணலில் புதைய உட்கார்ந்தால்
வானம் அவர்களைத் தனியே எடுத்துத் தருகிறது.
தொடுவானம் கழுத்தை அறுக்கக் கூடாது.
பார்க்கிற திசையில் கொஞ்சம் இடம் விட வேண்டும்.
எல்லாம் தெரியும்.
தெரிந்தும் பாதிப் படங்களில்
கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒழுகுகிறது.

அன்று மாலை ஐந்தேகால்.
வெயில் பித்தளையாகிக்கொண்டிருந்தது.
இடது ஓரம் லைஃப்கார்டின் காலி நாற்காலி,
வலது ஓரம் ஒரு பையனின் பாதி நீல டியூப்,
நடுவில் எவருமில்லை.
ஃபிரேமைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது
பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி.
வருவது நம்முடையதா என்று
வந்தபின்தான் தெரியும்.

வந்தார்.
பேன்ட்டை முட்டிவரை மடித்து
அலை தொட்டுத் திரும்பும் கோட்டில் நின்றார்.
வலது கை சற்றே உயர்ந்திருந்தது,
அதில் ஒரு கோன் ஐஸ்.
சாப்பிடவில்லை. கடலைப் பார்த்து மறந்துவிட்டார்.
அது உருகி மணிக்கட்டில் இறங்கி
முழங்கை முனையில் ஒரு சொட்டாக நின்று
வெயிலை வாங்கியபோது
அமுக்கினேன்.

சத்தத்துக்குத் திரும்பினார்.
"அய்யோ" என்றது என் வாய்.
"தமிழா?" என்றார்.

சீனி இபுராகிம். வாலிநோக்கம்.
ஜுர்ஃபில் அலுமினியப் பட்டறை.
"காட்டுங்க."
சின்னத் திரைக்கு உள்ளங்கையால் நிழல் பிடித்து
நெடுநேரம் பார்த்தார்.
"பின்னால இவ்வளவு வழுக்கையா எனக்கு?"
பிறகு,
"வீட்டுக்கு அனுப்பணும் இதை.
ஐஸை மட்டும் வெட்டிருங்க.
ரெண்டு மாசமா பணம் அனுப்பலை."

பெஞ்சில் உட்கார்ந்து போனுக்கு மாற்றி
வெட்டினேன்.
ஐஸ் போக வேண்டுமென்றால் கை போக வேண்டும்.
கை போனால்
தோள் ஏன் உயர்ந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.
டியூப் போயிற்று, கடலில் ஒரு பங்கு போயிற்று.
மிஞ்சியது நெட்டையாக ஒரு படம்:
வழுக்கை, உப்புப் பூத்த சட்டை முதுகு,
பக்கத்தில் காலி நாற்காலி.
வலிக்கிற தோளைத் தூக்கிப் பிடித்து நிற்பவர்போல இருந்தது.

"இது போதும்" என்றார்.
"இதுல கஷ்டப்படற மாதிரி இருக்கேன்."

"கஷ்டப்படலையா?"

"படறேன்.
அந்த நேரம் மட்டும் படலை."

சொல்லிவிட்டு மணிக்கட்டை நக்கினார்.
நமத்த கோனைக் கடற்புறாவுக்கு எறிந்தார்.
அது ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு நடந்துபோனது.

இரவு அறையில்
வெட்டிப்போன ஓரத்தைத் தனியே எடுத்து வைத்தேன்.
ஒரு முழங்கை, ஒரு சொட்டு,
பாதி டியூப், இரண்டு திர்ஹாம் கோன்.
எந்த விதிக்கும் அடங்காத குறுகலான துண்டு.
கடல் அதில் நேராக இருந்தது.

என்ன பெயரில் சேமிக்க, என்று கேட்டது கணினி.
சீனி, என்று அடித்தேன்.