இரண்டு பாகை கீழே

பந்தாய் டாலாம் அடுக்குமாடி, பி புளோக்,
பதினேழாம் மாடி.
புஸ்பலீலாவின் கைப்பேசியில்
ஐந்து கோடும் விறைத்து நிற்கின்றன.
பேசினால் மட்டும்
நான்காவது சொல்லில் குரல் நொறுங்குகிறது.

"அதான் சிக்னல் ஃபுல்லா இருக்கே,
அப்புறம் என்னம்மா கோளாறு?"

பதினோரு தடவை புகார் கொடுத்திருந்தாள்.
பதினோராவதுக்கு என்னை அனுப்பினார்கள்,
ஒரு மடிக்கணினி, நாலு கைப்பேசி,
அரைநாள் பார்க்கிங் காசோடு.

பால்கனியில், ஈரத் துணிகளுக்குக் கீழே
கருவியைத் திறந்து வைத்தேன்.
கெரின்ச்சி தெரிந்தது. மிட்வேலி தெரிந்தது.
காசிங் மலைமேல் ஒற்றைச் சிவப்பு விளக்கு.
கண்ணுக்கு எட்டியதெல்லாம்
கருவிக்கும் கேட்டது:
பதினான்கு கோபுரங்கள், ஒரே அலைவரிசை,
ஆளுக்கொரு பக்கம் கூவிக்கொண்டு.

கீழே ரோத்தி சானாய் கடையில்
தே தாரிக் ஆற்றுகிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை.
சுற்றியுள்ள சுவர்களே
பதின்மூன்று வாயைப் பொத்திவிடுகின்றன.
உயரத்தில் குடியிருப்பவளுக்குத்தான்
மறைப்பு கிடையாது.

விளக்கச் சொன்னாள்.
இரைச்சல் என்று தனியாக ஒன்றும் இல்லை அக்கா,
எல்லாம் பேச்சுதான்.
மிட்வேலி படிக்கட்டில் ஒருத்தி அனுப்பும் முத்தம்,
நெடுஞ்சாலை நெரிசலில் ஒருவன் பார்க்கும் கால்பந்து.
அவரவருக்கு அது அரிசி.
உங்கள் காதில் விழும்போது
உமி.

ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.
"அப்போ நான் பேசுறதும்
வேற எவனுக்கோ உமிதானே?"

ஆமாம் என்று சொல்ல
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ராத்திரி ஒன்பதுக்கு
அவள் வீட்டுக்காரரின் லோரி மூவாரில் நிற்கும்.
பசியாறியாச்சா என்று தொடங்கும்போதே
பாதி அறுந்துவிடும்.
அவருக்கு இவள் கோபம் என்று நினைப்பு.
இவளுக்கு அவர் குடித்திருக்கிறார் என்று.

அலுவலகத்தில், பவரைக் கூட்டு என்றார்கள்.
கூட்டினால் பக்கத்துக் கோபுரமும் கூட்டும்.
கல்யாண மண்டபத்தில் பார்த்ததில்லையா,
மைக்செட் ஏற ஏறப் பந்தியும் குரலேற்றி
கடைசியில் சாம்பார் கேட்டவன் இலையில்
பாயசம் விழும்.

குறைக்கணும் என்றேன்.
மலைமேல் இருப்பதைப் பாதியாக்கி
முகத்தையும் கொஞ்சம் குனிய வைக்கணும்.
சியாவ் லிங் வரைபடத்தைப் பார்த்தாள்.
பச்சை சுருங்கும். விற்பனைப் பிரிவுக்குப்
பச்சை சுருங்கினால் பிடிக்காது.
"எவ்வளவு?"
இரண்டு பாகை.
அவள் பேனாவைத் திருகிக்கொண்டே
சரி என்று சொல்லாமல்
வேண்டாம் என்றும் சொல்லாமல் எழுந்து போனாள்.
நான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

ஹஃபிசுல் ஸ்பானரோடு ஏறினான்.
மேற்கே மழை கறுத்துக்கொண்டிருந்தது.
நகரம் முழுதும் தனக்கென்று
நெஞ்சு நிமிர்த்தியிருந்த ஆன்டெனா
தன் தெருவைப் பார்த்துத் தாழ்ந்தது,
ஒரு திருகாணியின் அளவுக்கு.

அன்றிரவு எண்களில் அவளைத் தேடினேன்.
ஒன்பது மணி இரண்டு நிமிடத்தில் ஓர் அழைப்பு.
நாற்பத்தொரு நிமிடம். அறவில்லை.
என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.
சண்டையாகக்கூட இருக்கலாம்.
முழுசாய்க் கேட்ட சண்டை.

வியாழக்கிழமை வேறொரு புகார்:
மலையடி வளைவில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால்
சாப்பாடு கொண்டுபோகும் ஃபக்ருலுக்கு
வீட்டு எண் திறக்கவில்லையாம்.
நாசி லெமாக் ஆறிப்போய்விட்டதாம்.
நேற்றுவரை அங்கே
எல்லாம் சரியாக இருந்ததாம்.

மறுபடி மலை. மறுபடி ஹஃபிசுல்,
மேலே, தும்பிபோல.
ஏற்றவா, இறக்கவா என்று கேட்கிறான்.
காற்று பாதியைத் தின்றுவிடுகிறது.
அரைப் பாகை ஏற்று என்கிறேன்.
கேட்கவில்லை என்று கையசைக்கிறான்.

கத்த வாயெடுத்து,
நிறுத்தி,
காற்று அடங்கக் காத்திருக்கிறேன்.