இருபத்தேழு கோடு

சேரன்மகாதேவி ரயிலடிக்கு அந்தப் பக்கம்,
வாய்க்கால் பாலம் தாண்டி மூணாவது வீடு.
பலகை சொன்னது:
சிந்தனையாளர் வெயிலுமுத்து நினைவு இல்லம்.
அதற்குக் கீழே இன்னொரு பலகை:
செருப்பை இங்கே விடவும்.
அதற்கும் கீழே நாற்பத்திரண்டு ஜோடி செருப்பு.
எங்கள் ஐந்தாம் வகுப்பு.

வாசல் நிலை குட்டை.
குணசீலி டீச்சர் குனிந்தும் இடித்துக்கொண்டார்.
“அவர் குட்டையா டீச்சர்?” என்றான் சித்திக்.
“பெரிய மனுசர்” என்றார் டீச்சர்,
நெற்றியைத் தடவிக்கொண்டே.
எங்களில் ஒருத்தருக்கும் இடிக்கவில்லை.

உள்ளே எல்லாம் கண்ணாடிக்குள்.
கண்ணாடிக்குள் ஒரு கண்ணாடி,
அவர் மூக்கில் இருந்தது,
ஒரு காலை நூலால் கட்டியிருந்தார்கள்.
மை காய்ந்த பேனா.
ஒரே ஒரு செருப்பு.
இன்னொன்று எங்கே என்று எழுதியில்லை.
நாற்காலிக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு:
தொடாதீர்கள், உட்காராதீர்கள்.
பூனைக்கு வாசிக்கத் தெரியாது.
உட்கார்ந்திருந்தது.

கோமதிநாயகம் அண்ணன் ஒப்பிக்க ஆரம்பித்தார்:
“பதினோரு நூல், ஆயிரம் கட்டுரை,
எதையும் ஏன் என்று கேட்கச் சொன்னவர்...”
“ஏன்?” என்றாள் எஸ்தர்.
“ஏன்னா... இரு பிள்ள,
மொதல்லேருந்து சொன்னாத்தான் எனக்கு வரும்.”
மறுபடி பதினோரு நூல். மறுபடி ஆயிரம் கட்டுரை.

எனக்குத் தாகம்.
பானை பின்கட்டில் என்றார்கள், போனேன்.

பலகை இல்லாத ஒரே அறை அது.
துடைப்பம், வாளி, ஓடாத ஃபேன்,
விற்காத புத்தகக் கட்டு.
அண்ணாந்து பார்த்தால் ஓடெல்லாம் கரி.
அத்தனை புகைக்கு
எத்தனை சோறு பொங்கியிருக்கும்!
கதவுக்குப் பின்னால், சுவரில்,
அஞ்சஞ்சாய்க் கட்டிய கரிக்கோடு.
பக்கத்தில் சாய்ந்த எழுத்து: ஆடி. பால்.

விரல் வைத்து எண்ணினேன். இருபத்தேழு.
எஸ்தரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். இருபத்தேழு.
“ஆடிக்கு முப்பத்தொரு நாளுல்லா?”
“சில வருசம் முப்பத்திரெண்டு” என்றான் சித்திக்.
அவன் அப்படித்தான்.

நாலு நாளைக் காணோம்.
மாடு மறத்துப்போச்சோ?
ஆத்துல வெள்ளம் வந்து
பால்காரர் அக்கரையிலே நின்னாரோ?
கையில் காசில்லையோ?
கோடு போடுற ஆளுக்குக் காய்ச்சலோ?

தேடிக்கொண்டு வந்த கோமதிநாயகம் அண்ணனிடம்
“இது அவர் எழுத்தா?” என்றேன்.
குனிந்து பார்த்தார்.
“இல்ல. அவரு எழுத்து நேரா நிக்கும்.”
“அப்போ யாரு?”
பதினோரு நூலிலும் அது இல்லைபோல.
ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்:
“ஒம்பது வருசமா
தொடப்பத்த இங்கனதான் சாத்துதேன்.”
பிறகு துடைப்பத்தை எடுத்து
வேறு மூலையில் சாத்தினார்.

வாசலில் பார்வையாளர் நோட்டு.
பெயர், ஊர், கருத்து.
எனக்கு முன்னால் முப்பது பேர்
‘மிக நன்று’ எழுதியிருந்தார்கள், ஒரே மாதிரி.
நான் இருபத்தேழு கோடு போட்டேன்.
கொஞ்சம் இடம் விட்டு எழுதினேன்:
மிச்ச நாள் என்ன ஆச்சு?
பேனாவைக் கேட்டு பின்னாலிருந்தவன் தள்ளினான்,
கேள்விக்குறி வால் நீண்டுவிட்டது.

வெளியே வரும்போதும் டீச்சர் இடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் எஸ்தர் என் சட்டையைக் காட்டினாள்.
வெள்ளையில் கறுப்பாய்,
இருபத்தெட்டாவது கோடு.
எப்போது துடைத்தேனோ.
வீரவநல்லூர் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது,
தண்ணீர் குடிக்கவே இல்லை.