திரிசூலத்தில் பஞ்சர்

வாரத்தில் ஆறு நாள்
மற்றவர்கள் ஏறுவதற்காக லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் நான்.
ஞாயிறு மட்டும் என் எடையை நானே மேலே கொண்டுபோகிறேன்,
இருபத்தொரு கியரில் பதினான்கு மட்டுமே விழும் சைக்கிளில்.

நாலே முக்கால். கத்திப்பாராவுக்குக் கீழே
டெஸ்மண்ட், நெற்றியில் விளக்கு, வாயில் பாதி பன்.
மின்சார ரயிலில் கார்டு.
கடைசிப் பெட்டியில் நின்று இருபது வருஷமாய்
இந்தக் குன்றுகள் விலகிப் போவதை மட்டுமே பார்த்தவர்.
"எதிர்ல வர்றப்ப எப்படி இருக்கும்னு பாக்கணும்."
அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம்.
நான் காரணம் எதுவும் சொல்லவில்லை.

பட் ரோடு. ராணுவச் சுவர், சுண்ணாம்பு பூசிய மரங்கள்.
பரங்கிமலை இருட்டில் இறக்கி வைத்த மூட்டை;
உச்சியில் யாரோ அணைக்க மறந்த பல்பு.
இதன் அடிவாரத்தில் சங்கிலி பிடித்துத்தான்
நாட்டை அளக்கத் தொடங்கினார்களாம்.
என் சங்கிலி மூன்றாவது பல்லில் நழுவுகிறது.
இறங்கி, கையெல்லாம் கிரீஸாக்கிக்கொண்டு, மறுபடி ஏறுகிறேன்.

மீனம்பாக்கத்தில் ஒரு விமானம்
எங்கள் தலைமயிரைக் கோதிவிட்டு இறங்குகிறது.
ஜன்னலோர இருக்கையில் யாரோ
இந்தக் குன்றைப் பார்த்திருக்கலாம், பெயர் தெரியாமல்.

ரயில் பாதையைத் தாண்டினால் திரிசூலம்.
நாலு குன்று, நடுவில் சோழர் காலத்துக் கோயில்.
நாலு குன்றும் நாலு வேதம் என்பார்கள்.
ஒரு வேதத்தைப் பாதிக்கு மேல் உடைத்து விற்றாயிற்று.
குவாரிப் பள்ளத்தில் பச்சைத் தண்ணீர்.
'ஆழம், குளிக்காதீர்' பலகையில்
யாருடைய துண்டோ காய்கிறது.

அங்கேதான் பின்சக்கரம் பெருமூச்சு விட்டது.

டயரிலிருந்து பிடுங்கியது நகமளவு கல்.
"ஜல்லி" என்றார் டெஸ்மண்ட்.
இங்கத்து ஜல்லி நீலம் பாய்ந்தது.
இது செம்பழுப்பு; ஓரம் சீவி எடுத்தது போல.
பக்கத்துப் பல்லாவரத்தில், எப்போதோ,
வெள்ளைக்காரர் ஒருவர் குனிந்து எடுத்த கல்லால்
மனிதக் கையின் வயது
லட்சக்கணக்கில் கூடிப்போனது.
பள்ளிக்கூடத்தில் அது ஒரு வரி. இரண்டு மதிப்பெண்.
நான் வாயைத் திறக்கவில்லை. சிரிப்பார்.

பையில் சொல்யூஷன் இருந்தது, ஒட்டு இருந்தது,
உப்புத்தாள் இல்லை.
"ரோட்டுலயே தேய்ங்க."
ரோடு போன வாரம் போட்டது, வழவழவென்று.
கையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.
குத்திய கல்லை வைத்தே குத்துப்பட்ட ரப்பரைச் சுரண்டினேன்.
எப்படிப் பிடிப்பது என்று யோசிக்கவே இல்லை.
பெருவிரலுக்கு ஒரு குழி இருந்தது,
அல்லது இருந்ததாய்ப் பட்டது.
சொல்யூஷன் தடவி, ஊதி,
இரண்டு விமானம் இறங்கும் மட்டும் அழுத்திப் பிடித்தோம்,
அவர் கட்டைவிரல் என் கட்டைவிரல் மேல்.

பழைய பல்லாவரம். பல்லவன் குடைந்த குகைக்குள் தர்கா.
வாசலில் ஊதுபத்தி விற்ற பையன்
சக்கரத்தை அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.
பம்ப் அடித்தேன்.
திருநீர்மலையில் ஒரு தடவை.
அனகாபுத்தூர் பாலத்தில், அடையாற்று நாற்றத்தில், ஒரு தடவை.
குன்றத்தூர் கோபுரம் கண்ணில் பட்டபோது
முன்னால் போன டெஸ்மண்ட் பிரேக் பிடித்து
கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.
வந்த வழியில் குன்றுகள் நீலமாகச் சின்னதாகிக் கிடந்தன.
"இப்பதாங்க எனக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கு."

திங்கட்கிழமை. பெருங்குடியில் ஒரு கட்டடம்.
பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
லிஃப்ட் கூண்டின் மேல் குந்தி,
ரிலே முனையில் படிந்த கறுப்பைச் சுரண்ட
உப்புத்தாளுக்காகச் சட்டைப்பைக்குள் கைவிட்டேன்.
விரலில் தட்டுப்பட்டது.
எடுக்கவில்லை.
இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.