உப்பு

ஒன்பது பேர். ஆளுக்கு எண்ணூறு ரூபாய்.
குன்னூர் பேருந்து நிலையத்தில் மூன்றரைக்குத் தொடக்கம்.
செருப்பைக் கழற்றும் இடம் நான்கு,
வாயைத் திறக்கும் இடம் ஐந்து என்பேன்.
சிரிப்பார்கள்.

மாரியம்மன் வாசலில் சுண்டல்.
தொன்னை நீட்டிய பூசாரி
பின்னால் போன என் கையைப் பார்த்துவிட்டு
"பத்தொன்பதா?" என்றார்.
நோன்பைத்தான்.

அந்தோணியார் கோயில் இறக்கத்தில் வர்க்கி.
அதைக் காதோரம் வைத்து உடைத்துக் காட்டுவேன்.
சத்தம் நோன்பை முறிக்காது.
அடுமனைக்காரர் சவரிநாதனுக்கோ தவக்காலம்:
முட்டை பப்ஸ் தட்டை
முழங்கையால்தான் தள்ளுகிறார்.

சமணக் கோயிலுக்கு எதிரே
வெங்காயம் போடாத கச்சோரி.
"உப்பு எப்படி?"
கம்லேஷ் என்னைத்தான் கேட்பார், ஆறு வருடப் பழக்கம்.
திருப்பூர் அம்மாளின் புருவத்தைப் பார்த்துவிட்டுச்
சரியாக இருக்கிறது என்றேன்.
ஹாலன் கடை அவரை உதக்கத்துக்கு
அதே புருவம் ஏறியது.
கூடுதல் என்றேன்.
அவர் ருசி பார்த்து, ஆமாம் என்றார்.

ஆறரைக்கு மேகம் கடைகளுக்குள் வந்துவிட்டது.
சூரியன் எந்தப் பக்கம் போனதென்று
கைப்பேசிதான் சொல்ல வேண்டும்.
கடைசி நிறுத்தம் என் பள்ளிவாசல்.
மதிலோரம்
தமீம் தூக்குச்சட்டியிலிருந்து கஞ்சி ஊற்றினான்.

ஏற்றம், படி, மழை, விலை என
வழியெல்லாம் முணுமுணுத்த அந்த வங்கிக்காரர்
ஆவி பறக்கும் கிண்ணத்தோடு சும்மா நின்றார்.
மற்றவர்களும்.
குடியுங்கள், ஆறிவிடும் என்றேன்.
யாரும் குடிக்கவில்லை.

பாங்கு.

ஒரு பேரீச்சை. ஒரு மடக்கு.
தமீம் உப்புப் போட மறந்திருக்கிறான்.

ஒன்பது பேரும்
என் முகத்தைப் பார்க்கிறார்கள்.