கறுப்பு நகம்

ரெஜைனாவில், ஆல்பர்ட் தெருவில்,
டயர் கடைக்கும் வரிப் படிவம் நிரப்பித் தருகிற கடைக்கும் நடுவே
நாய்களுக்கு முடி வெட்டும் கடை.
காலை எட்டரைக்கே டார்லீன் தொடங்கிவிடுவாள்:
குயிக், குயிக்.
குளிப்பாட்டக் குயிக், உலர்த்தக் குயிக்,
முன்மேசையில் போன் அடித்தால் இன்னும் குயிக்.
என் பெயரே அதுதானோ என்றிருந்தது.
இந்திரவதனா என்று கூப்பிட அவளுக்கு நேரம் பத்தாது.

அன்று மேசை ஏறியது கறுப்பு லாப்ரடோர்,
பெயர் பெரோகி.
வெள்ளை நகமென்றால் உள்ளே இளஞ்சிவப்பாய் ஓர் இழை ஓடும்,
அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம்.
கறுப்பு நகம் எதையும் காட்டாது.
நறுக்கினேன்.
நாய் கத்தவில்லை. காலை மட்டும் இழுத்துக்கொண்டு
என்னைப் பார்த்தது.
ஸ்டீல் மேசையில் சொட்டுச் சொட்டாய்.

"குயிக்கை வெட்டிவிட்டாய்" என்றாள் டார்லீன்.
"இல்லை, மெதுவாகத்தான் வெட்டினேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மஞ்சள் பொடியை எடுத்து அப்பினாள்.
நாயின் சொந்தக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன்.
"பன்னிரண்டு வயது அதற்கு,
இன்னும் வலிக்கிறதே, நல்லதுதான்" என்றாள் லாரிசா.

மதியம், மைக்ரோவேவ் சுற்றும் மூன்று நிமிடத்தில்
போனில் அகராதியைத் திறந்தேன்.
வேகம் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருளாம்.
முதலில் அந்தச் சொல்லுக்கு
உயிருள்ள என்றுதான் அர்த்தம்.
ஓடி உருளும் பாதரசம் அவர்களுக்கு உயிர்வெள்ளி.
காலை விழுங்கும் மணல் உயிர்மணல்.
தண்ணீர் பட்டால் சீறும் சுண்ணாம்பும் அப்படியே.
நகத்துக்கடியில் நோகிற சதை,
அதுவும்.
வயிற்றில் பிள்ளை முதன்முதலாய் அசைவதற்கும்
இதே வேரில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றேன்.
போன மாசி. பதினாறாம் வாரம்.
ஒரே ஒரு தரம், மீன் வால் திரும்பினாற்போல.
மைக்ரோவேவ் மூன்று தரம் கூப்பிட்டது.

யோசித்தால், எங்களிடமும் இருக்கிறது இப்படி ஒன்று.
துடியான பெண் என்றால் சுறுசுறுப்பானவள்.
துடிப்பது நெஞ்சு,
அறுந்து விழுந்த பல்லிவாலும்.
வேகம், உயிர், நோவு எல்லாவற்றையும்
ஒரே முடிச்சில் கட்டி வைத்திருக்கிறோம்.
இத்தனை நாள் நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

இப்போது டார்லீன் விரட்டினால் கோபம் வருவதில்லை.
உயிரோடிரு, உயிரோடிரு என்கிறாள், பாவம்,
அவளுக்கே தெரியாமல், நாள் முழுக்க,
மணிக்குப் பதினைந்து டாலருக்கு.
சில நாள், "சரி, இருக்கிறேன்" என்று தமிழில் சொல்லிவைப்பேன்.

பெரோகி ஆறு வாரம் கழித்து வந்தது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
விரலிடுக்கெல்லாம் பனிக்கட்டி.
கால் தர மறுத்தது. காத்திருந்தேன்.
டார்லீன் கடிகாரத்தைப் பார்த்தாள்.
ஓர் அரிசி அளவு நறுக்கி, குனிந்து பார்த்து,
இன்னோர் அரை அரிசி.
கறுப்பின் நடுவில் சாம்பலாய் ஒரு புள்ளி தெரிந்ததும்
நகவெட்டியை வைத்துவிட்டேன்.
அதற்கப்பால் இருப்பது நாய்.